கம்பு கைமாறிய வழி

2025 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றத்துக்கு ஓர் ஆசிரியரின் முன்ஜாமீன் மனு வந்தது. ஆறாம் வகுப்புப் பையனைப் பிரம்பால் அடித்தார் என்பது புகார். நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் ஜாமீன் கொடுத்தார், அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்கள் கையில் பிரம்பு இருக்கட்டும், எப்போதும் அதை ஓங்க வேண்டியதில்லை, இருந்தாலே போதும், பிள்ளைகள் மனத்தில் அது வேலை செய்யும் என்று பொருள்படச் சொன்னார். ஆசிரியர்மேல் புகார் வந்தால் முதற்கட்ட விசாரணை நடத்திய பிறகே வழக்குப் பதிய வேண்டும், அதற்குக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

திருவனந்தபுரத்தில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது கரமனைத் திண்ணையிலும் சாலைக் கம்போளத்துக் கடைப்படியிலும் நான் கேட்டதெல்லாம் ஆமோதிப்புதான். தமிழ் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள் என்ற பேதம் அதில் இல்லை. “நம்மளையெல்லாம் அடிச்சுத்தானே வளர்த்தா? நாம என்ன கெட்டா போயிட்டோம்?” என்றார் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். பேரனை ஒரு நாளும் கை நீட்டி அடிக்காதவர் அவர். அடிப்பதை நியாயப்படுத்திக்கொண்டே அடிக்காமல் வாழும் ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குள் ஒரு நமைச்சல்.

உத்தரவு வந்த நேரத்தையும் மறக்கக் கூடாது. ஜனவரியில், பிடுங்கிவைத்த செல்போனைத் திருப்பிக் கேட்டுப் பாலக்காடு மாவட்டத்து பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் பள்ளி முதல்வரைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய காணொளி கைபேசிக்குக் கைபேசி ஓடியது. பிப்ரவரி 24 அன்று, தலைநகரிலிருந்து அதிக தூரமில்லாத வெஞ்ஞாறமூட்டில், ஐந்து பேர் கொல்லப்பட்டதாகச் செய்தி வந்து, 23 வயது இளைஞன் கைதானான். இறந்தவர்களில் அவன் பாட்டியும் தம்பியும் உண்டு. அந்த மாதக் கடைசியில் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில் நடந்த மாணவர் மோதலில் அடிபட்ட பத்தாம் வகுப்புப் பையன் பிழைக்கவில்லை. ஊரே கலங்கிப்போயிருந்தது. கலங்கிய மனத்துக்கு உடனே கிடைத்த பதில் பிரம்பு. அடிக்காமல் விட்டதால்தான் இப்படி என்றார்கள். தாமரசேரிப் பையனை அடித்த பிள்ளைகளுக்கு அடி தெரியாமல் இல்லை. அடி ஒன்றுதான் தெரிந்திருந்தது. இதைச் சொன்னால் யாரும் காது கொடுக்கவில்லை.

இந்த ஊரில் பிரம்பு யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று பின்னோக்கிப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன. கூட்டுக்குடும்பங்களான நாயர் தறவாடுகளில் பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமை அப்பாவிடம் இருக்கவில்லை. அவர் வந்து போகிறவர். தாய்மாமனான அம்மாவன், தறவாட்டுத் தலைவரான காரணவராகவும் இருந்தால் வீடு முழுக்க அவர் குரலுக்கு அடங்கும். மருமக்கள் அவர் முன்னால் உட்கார மாட்டார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிலும் மருமக்கள்வழி இருந்ததால் நம்மவர்களுக்கும் இது புதிதில்லை. 1912இலும் 1925இலும் திருவிதாங்கூரில் வந்த நாயர் சட்டங்கள் சொத்தையும் வாரிசுரிமையையும் மாற்றின. தறவாடுகள் பாகம் பிரிந்தன. 1975ஆம் ஆண்டின் கேரளக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் மிச்சத்தையும் முடித்துவைத்தது. நிலத்தோடு பிள்ளைகளும் அப்பாவிடம் வந்து சேர்ந்தார்கள். அம்மாவனின் கம்பும் சேர்ந்தே வந்தது. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் அது முன்பே அப்பா கையில் இருந்ததால் அங்கே கைமாற்றம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வெளியே ஆசான். மணலில் விரலால் எழுதிப் படித்த குடிப்பள்ளிக்கூடங்களில், தொடையில் மணலை வைத்துச் சேர்த்துக் கிள்ளுவது ஆசானின் கைவேலை. தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் கோதண்டம் இருந்தது: கூரையில் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் அந்தரத்தில் ஆட வேண்டும். ஆசான் இல்லாத நேரம் சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். திருவனந்தபுரத்தில், பேட்டை ராமன்பிள்ளை ஆசானிடம் படித்த ஒரு மாணவருக்கு அப்படிக் கிடைத்த பொறுப்பு கடைசிவரை பெயராகவே ஒட்டிக்கொண்டது. 1853இல் கண்ணம்மூலையில் பிறந்த சட்டம்பி சுவாமிகள் அவர். சக மாணவர்களை மேய்க்கும் வேலையில் தொடங்கியவர் பிற்காலத்தில் எந்த உயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்று போதித்தார். அந்த வகுப்பறையில் கண்டதும் அதில் ஒரு பங்காக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மாணவனையே மாணவனுக்கு மேற்பார்வையாளனாக்கும் ஏற்பாட்டைச் சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், 1797இல் அதை இங்கிலாந்தில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்று அது அங்கே பரவியது. பெல் அடியை விரும்பாதவர். அதே வழியில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் அடிப்பதை எதிர்த்தார். ஆனால் குற்றம் செய்த பையனைக் கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டு எல்லோரும் பார்க்கும்படி செய்தார். அடியை எடுத்த இடத்தில் அவமானத்தை வைத்துவிடுகிற வழக்கம் அவ்வளவு பழையது. நம் காலத்து அப்பா அம்மாக்களுக்கும் லங்காஸ்டரின் கூடைக்கும் தூரம் அதிகமில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே அடியை வாங்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். “நம்மளையெல்லாம்” என்று பெரியவர் சொன்னபோது அதில் யார் யார் அடக்கம்? நகரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப்போனபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஒரு நூற்றாண்டுதான் ஆகிறது. அந்தச் சிறுமி எந்தப் பாடத்தையும் தப்பாகச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒழுங்கைக் கற்பிக்க அடிக்கிறோம் என்பவர்கள் எந்த ஒழுங்கு என்று எப்போதும் சொன்னதில்லை. சாதி ஒழுங்கும் அதற்குள் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை, கறுத்த பிள்ளை, கேட்க ஆளில்லாத பிள்ளை கூடுதலாக அடி வாங்கியதும் இருந்தது. வகுப்பில் யார் மேல் பிரம்பு முதலில் விழும் என்பது பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கும். தெரியாததுபோல் இருந்தவர்கள் பெரியவர்கள்தான்.

சட்டத்தின் வரலாறும் இதே பாதையில்தான் வந்திருக்கிறது. 1860இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் தன்னிடம் படித்த சிறுவனை அடித்தே கொன்றார். அந்த வழக்கில் ஆசிரியர் தண்டிக்கப்பட்டாலும், தந்தைக்கும் தந்தையிடத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் மிதமான, நியாயமான அளவில் அடிக்க உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவைத்தது. அதே 1860இல்தான் இந்தியத் தண்டனைச் சட்டம் பிறந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் பாதுகாவலரோ அவர் சம்மதத்துடன் வேறொருவரோ செய்வது குற்றமாகாது என்றது அதன் 89ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாக அது அப்படியே இருக்கிறது. பெயர் மாறிய சட்டத்துக்குள் விக்டோரியா காலத்து அப்பா இன்னும் கம்போடு உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளிகளில் நிலைமை வேறு. 2000 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் அங்கே அடிக்க அனுமதித்த விதியை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகளைத் திருத்தினார்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்துவதையும் மனத்தை வதைப்பதையும் சேர்த்தே தடை செய்தது. சூரல் கஷாயம் என்று பிரம்படிக்குப் பெயர் வைத்துச் சிரித்த இந்த ஊர்ப் பள்ளிகளில் பிரம்பு மேசைக்கு அடியில் போனது. தலைநகரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் குழந்தை உரிமை ஆணையமான பாலாவகாச கமிஷனுக்குப் புகார் எழுதலாம் என்பது இன்று பெற்றோருக்குத் தெரியும். பல பிள்ளைகளுக்கும் தெரியும். இது பெரிய மாற்றம். ஆனால் வீட்டுக்குள் அடிப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. 1979இல் ஸ்வீடன் தொடங்கி அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டன. அண்டை நாடான நேபாளம் 2018இல் எழுதியது. 2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வு கேரளம் உட்பட 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் பேசியது. மூவரில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் பெரும்பாலோரை அடித்தது பெற்றவர்கள்தான்.

நான் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப யோசிப்பது அடித்தவர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. தடுத்தவர்களைப் பற்றித்தான். பழைய வீடுகளில் அடி விழும்போது நடுவில் பாய ஓர் ஆள் இருந்தாள். அப்பா ஓங்கிய கைக்குக் கீழே பாட்டியின் முதுகு வந்து நிற்கும். “கொன்னுடாதேடா, பச்சப் பிள்ளை” என்று ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப்புறமிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பிள்ளை ஓடிப்போய் அவள் அடுக்களையில் சோறு தின்னும். அடித்தவரும் வெட்கப்பட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வருவார். இந்த ஊர் எழுத்தாளரான நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நாவலைப் படித்தவர்களுக்கு உண்ணாமலை ஆச்சி திரவிக்கு என்னவாக இருந்தாள் என்று விளக்க வேண்டாம். இன்னொரு பக்கம், சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் 1930களின் கோட்டயத்து வீடு இருக்கிறது. அப்பா எஸ்.ஆர்.எஸ். பண்பட்டவர், நேர்மையானவர், மகன் பாலு அவர் காலடிச் சத்தத்துக்கே சுருங்குகிறவன். அந்த நாவல் காட்டுவது கொடூரமான அப்பாவை இல்லை. மகனை நேசிக்கும் ஒரு மனிதருக்கு அந்த நேசத்தைக் கொண்டுசேர்க்க அச்சத்தைத் தவிர வேறு வழி தெரியாததைத்தான்.

மலையாளிகளுக்கு இதையே சொன்ன படம் ‘ஸ்படிகம்’. பத்ரன் இயக்கி 1995இல் வந்தது. திலகன் நடித்த சாக்கோ மாஷ் தலைமையாசிரியர்; கணக்கைத் தவிர வேறெதையும் அறிவென்று ஒத்துக்கொள்ளாதவர். இயந்திரங்களில் கை திறமை உள்ள மகனை அடித்து, ஒப்பிட்டு, சிறுமைப்படுத்தி ரவுடியாக்கிவிடுகிறார். 2023இல் படத்தைப் புதுப்பித்து மறுபடி திரையிட்டபோது, முதல் முறை மகனாகப் பார்த்தவர்கள் அப்பாக்களாக வந்து உட்கார்ந்தார்கள். கூடவே தங்கள் பிள்ளைகளையும் கூட்டிவந்தார்கள். மகனாக நடித்த மோகன்லாலுக்கு விசிலடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறுவன் அவமானப்படும் காட்சிகளில் அரங்கம் அடங்கிப்போனதைப் பார்த்தபோது, “நாம என்ன கெட்டா போயிட்டோம்” என்பதன் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிந்தது. கெட்டுப்போகவில்லைதான். வலித்தது என்று யாரிடமும் சொல்லாமலே வளர்ந்துவிட்டோம்.

இப்போது அந்த வீடு இல்லை. 1980களின் இறுதியிலேயே கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை என்றாகிவிட்டது. இன்று அதற்கும் கீழே. ஒன்றேயானாலும் உலக்கையால் அடித்து வளர்க்க வேண்டும் என்ற மலையாளப் பழமொழி, வீடு நிறையப் பிள்ளைகள் இருந்த காலத்தில் பிறந்தது. இன்று பல வீடுகளில் ஒன்றேதான். அப்பா துபாயிலோ தோஹாவிலோ இருப்பார். வர்க்கலை, ஆற்றிங்ஙல் பக்கம் போனால் இப்படிப்பட்ட வீடுகளை எண்ணி மாளாது. கண்டிப்பு வீடியோ காலில் வரும். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பிள்ளை தலையாட்டும். நகரத்துக்குள் கழக்கூட்டம் பக்கத்து அடுக்ககங்களில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஹோம்வர்க் நோட்டைத் திறக்கும் அம்மாவிடம் மிச்சமிருப்பது களைப்பு. அந்த நேரத்தில் ஒரு அறை விழுந்தால் குறுக்கே வர ஆச்சி இல்லை. கதவுக்கு அப்பால் இருப்பவர் பெயர்கூடத் தெரியாது. அடி குறைந்திருக்கிறது, நிச்சயமாகக் குறைந்திருக்கிறது. ஆனால் விழும் அடி முன்பைவிடத் தனியாக விழுகிறது.

அடி இல்லாத வீடுகளிலும் லங்காஸ்டரின் கூடை தொங்குகிறது. 2005இல் எஸ்.எஸ்.எல்.சி.யில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக கிரேடு வந்தபோது பிள்ளைகளின் பாரம் குறையும் என்றார்கள். முடிவு வரும் மே மாதத்தில் இந்த ஊர் முக்குகளைப் பாருங்கள். ஃபுல் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள் ஃபிளெக்ஸில் வரிசையாகச் சிரிக்கும். அந்தப் பலகைக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும், ஒரு பாடத்தில் ஏ மட்டும் வாங்கிய பெண்ணை யாரும் அடிக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் யாரும் அவளிடம் பேசவுமில்லை. பேசாமல் இருப்பது, உடன் படிப்பவளோடு ஒப்பிடுவது, உனக்காக எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்குச் சொல்வது, போனைப் பிடுங்குவது: இன்றைய கம்புகள் இவை. தழும்பு விழாது என்பதால் கமிஷனிடம் காட்ட எதுவும் இருக்காது.

2020இல் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் ஒரே கூரைக்குள் அடைபட்டார்கள். அந்த ஜூலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் வெளியிட்ட ஒரு தகவலைக் கேட்டு மாநிலமே அதிர்ந்தது. மார்ச் 25இலிருந்து அதுவரை 18 வயதுக்குட்பட்ட 66 பிள்ளைகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆன்லைன் வகுப்பைக் கவனிக்கவில்லை என்று திட்டியது, போன் தரமாட்டேன் என்றது போன்ற, பெரியவர்கள் சாதாரணம் என்று நினைக்கும் காரணங்களும் அதில் பேசப்பட்டன. ஒரு திட்டுதான் ஒரு பிள்ளையைக் கொன்றது என்று சொல்வது பெற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். அதற்குப் பின்னால் நாம் பார்க்காத எத்தனையோ இருந்திருக்கும். ஆனால் திட்டு விழுந்த பிறகு ஓடிப்போக ஓர் அடுக்களை அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. கேரள போலீஸ் அப்போது ‘சிரி’ என்ற பெயரில் பிள்ளைகள் கூப்பிட்டுப் பேச ஒரு தொலைபேசி உதவியைத் தொடங்கியது. காக்கிச் சட்டைக்காரர்கள் அதைச் செய்தார்கள் என்பதை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். ஒரு காலத்தில் பிள்ளைகளை மிரட்ட ‘போலீஸ் வருது’ என்பார்கள்.

பிரம்பு கையில் இருந்தால் போதும், ஓங்க வேண்டாம் என்ற வாதத்தை இனி எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களின் பயம் பொய்யில்லை. நாற்பது பிள்ளைகள், போதைப்பொருள் விற்கும் வெளியாட்கள், எதற்கும் வழக்கு என்று வரும் பெற்றோர். இதற்கு நடுவில் நிற்பவருக்குக் கையில் ஏதாவது வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பொய்ப் புகாரிலிருந்து அவரைக் காப்பது நியாயம். முதற்கட்ட விசாரணை வேண்டும் என்பதில் எனக்கு முரண்பாடு இல்லை. பிரம்பு என்பதில்தான் முரண்படுகிறேன். ஓங்காத பிரம்புக்கு வலு எங்கிருந்து வரும்? என்றாவது ஒரு நாள், யார் மேலோ விழுந்தால்தான் வரும். எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ க்ரோகன்-கேலரும் 2016இல், ஐம்பதாண்டுக்கால ஆய்வுகளில் இடம்பெற்ற ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் கூடவில்லை. எதிர்ப்பும் முரட்டுத்தனமும் மனநலக் குறைவும்தான் கூடுதலாகத் தெரிந்தன. அடங்கியது போலத் தெரிவது அடிக்கும் கைக்கு முன்னால் மட்டும்தான்.

தைக்காட்டில் மாநிலக் குழந்தைகள் நலச் சங்கத்தின் வளாகம் இருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையைத் தாய் பத்திரமாக விட்டுப்போக 2002இல் அம்மத்தொட்டில் வைத்த இடம். அதைப் பற்றி இந்த ஊருக்குப் பெருமை உண்டு. 2024 டிசம்பரில் அங்கே இரண்டரை வயதுக் குழந்தையைக் காயப்படுத்தியதாக மூன்று ஆயாக்கள் கைதானார்கள். படுக்கையை நனைத்தது குழந்தை செய்த குற்றம். அந்தச் செய்தியைப் படித்து ஊரே கொதித்தது. பிரம்பு உத்தரவை வரவேற்றவர்களும் கொதித்தவர்களில் இருந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அவர்கள் சொல்வார்கள். நான் சம்பந்தம் இருக்கிறது என்கிறேன். அந்த ஆயாக்களையும் யாரோ அப்படித்தான் வளர்த்திருப்பார்கள், எத்தனை குழந்தைகளை எத்தனை மணி நேரம் ஓர் ஆள் பார்க்க வேண்டியிருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றெல்லாம் தோன்றுகிறது. இது அவர்களை விடுவிக்கச் சொல்வதல்ல. மிதமான அடி, நியாயமான அடி என்று ஓர் எல்லையை ஒத்துக்கொண்டுவிட்டால், அந்த எல்லை எங்கே என்பதைத் தீர்மானிப்பவர் களைத்து, கோபத்தில், தனியாக இருக்கும் ஒரு பெரியவர்தான்.

இந்த நகரத்தில் ஒவ்வொரு வார்டிலும் பெண்களின் கூட்டமைப்பான குடும்பஸ்ரீ இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதில் பாலசபைகள் உண்டு. பள்ளிகளில் மதர் பி.டி.ஏ. கூடுகிறது. முக்குக்கு முக்கு கிரந்தசாலை என்ற நூலகம். இத்தனை கூட்டங்களில் யூனிஃபார்ம் துணி முதல் ஏ பிளஸ் வரை பேசுகிறோம். “நேத்து ராத்திரி எனக்குக் கோபம் தாங்கல, கை ஓங்கிட்டேன்” என்று ஒரு அம்மாவோ அப்பாவோ சொல்ல, மற்றவர்கள் முகம் சுளிக்காமல் கேட்க, ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கலாம். பக்கத்து ஃப்ளாட்டில் பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டால் மணியடித்து, “சேச்சி, கொஞ்ச நேரம் மோளை நான் பார்த்துக்கிறேன், நீங்க ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க” என்று சொல்லலாம். ஆச்சிகள் செய்தது இதுதான். பழமொழியையும் பிரம்பையும் பத்திரமாக எடுத்துவந்த நாம் அவர்களை மட்டும் எங்கோ விட்டுவிட்டோம்.